பாண்டர் ஓடையைக் கடக்கும் இடம்

ஆல்டர் ஃபோர்க், ஐடஹோ
11 பிப்ரவரி 2007

அன்புள்ள வெர்லன்,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருடைய இடுப்பு மட்டும் பனிக்காலம் வந்ததும் வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது. உனக்கு இருமல் விட்டதா? போனில் பேசலாமே என்பாய். போனில் ‘ம்’, ‘சரி’ தவிர நீ வேறென்ன பேசியிருக்கிறாய்? கடிதத்திலாவது நாலு வரி தேறும்.

நேற்றுப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் வனத்துறைக் கூட்டம். காட்டுக்குள் மோட்டார் வண்டி போகிற பாதைகளுக்கெல்லாம் இனி ஒரு வரைபடம் போடப்போகிறார்கள். அதில் இருக்கிற பாதையில் போகலாம், இல்லாததில் போனால் அபராதம். எது வேண்டும், எது வேண்டாம் என்று ஊரார் வந்து சொல்லவேண்டுமாம். மேசைமேல் பெரிய வரைபடம், பக்கத்தில் கலர்கலராகப் பேனா.

நம் ஆட்களைத்தான் தெரியுமே. காட்டினால் மூடிவிடுவார்கள் என்று பயம். பெட்ரோல் கடை ஆர்லோ எழுந்துபோய், தன் வாழ்நாளில் கால் வைக்காத ஒரு செங்குத்துச் சரிவில் பச்சைக் கோடு போட்டுவிட்டு வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும். ஒருவரும் தன் பாதையைக் காட்டவில்லை. ரேஞ்சர் உரியார்டே என்று புதிதாக வந்திருக்கிற பெண், ஆட்டுக்காரர் உரியார்டேயின் மகள், அந்தக் கோடுகளையெல்லாம் நிதானமாகப் பார்த்தாள்.

“எங்கப்பா இந்த மலையில முப்பது வருஷம் ஆடு மேய்ச்சவருங்க. நீங்க கோடு போட்ட இடத்துல ஆடுகூட ஏறாது. உங்க வசதி. ஆனா ஒண்ணு, வரையாத பாதை எங்களுக்கு இல்லாத பாதை. மார்ச் பத்தாம் தேதி மறுபடி வர்றேன்.”

நீயும் உன் அத்தானும் எழுபத்தொன்பதில் வெட்டிய பாதையும் இல்லாத பாதைதான். ஆலையில் மரம் உருண்டு இடுப்பை நொறுக்கிய நாளிலிருந்து அவர் சமையலறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நிற்கிறார். ஆனால் அந்த நாலு சக்கர வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஒன்பது மைல் மேலே போய், விழுந்து கிடக்கிற மரங்களை உட்கார்ந்தபடியே அறுத்துத் தள்ளிவிட்டு வருவார். அந்தப் பாதை போய்விட்டால் அவருக்கு மிச்சம் ஜன்னலும் டிவியும்தான். இதைச் சொன்னால், “கவர்மென்ட்டுக்கு நான் எதுக்குடி காட்டணும்?” என்கிறார்.

நீ ஒரு வார்த்தை எழுதிச் சொல். உன் பேச்சைக் கேட்பார். இத்துடன் அனுப்புகிற காலுறையைப் போட்டுக்கொள்.

உன் அக்கா
லாரூ

*

பீட்டர்ஸ்பர்க், அலாஸ்கா
2 மார்ச் 2007

அன்புள்ள அக்கா,

நலம். இருமல் போய்விட்டது. நீ அனுப்பிய காலுறை சின்னது, ஆனாலும் போட்டிருக்கிறேன்.

படகைக் கரையேற்றி அடிப்பலகை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அத்தானிடம் சொல்: அந்தப் பாதையை மறைத்துவைத்து அவர் யாருக்குக் கொடுக்கப்போகிறார்? வரையட்டும். வெட்டினவர் வரையாமல் வேறு யார் வரைவது? நான் சொன்னேன் என்று சொல்.

ஒன்று கேட்க வேண்டும். பாதை இன்னமும் பாண்டர் ஓடையை அந்தக் கூழாங்கல் திட்டில்தான் கடக்கிறதா? அப்போது வேறு இடம் பார்க்க எங்களுக்குப் பொறுமை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானை நான் கேட்டதாகச் சொல்.

வெர்லன்

*

ஆல்டர் ஃபோர்க்
18 மார்ச் 2007

அன்புள்ள வெர்லன்,

உன் கடிதம் வந்த வேளை நல்ல வேளை. நாங்கள் சுகம். அத்தான் ரொம்ப ரொம்ப சுகம், ஏன் என்று கேள்.

பத்தாம் தேதி கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றவரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தொப்பியை எடுத்து மாட்டினார். அரங்கத்து வாசலிலிருந்து மேசைவரை இரண்டு கோல்களையும் ஊன்றி அவரே நடந்தார். யாரையும் பிடிக்க விடவில்லை. ஊரே திரும்பிப் பார்த்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, ஊர் எல்லையிலிருந்து முகட்டு உச்சிவரை கையை எடுக்காமல் ஒரே கோடு! எந்த வளைவு, எந்தப் பாறை, எல்லாம் அவர் விரலில் இருந்தது. உரியார்டே தன் கருவியில் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“எங்க வரைபடத்தைவிட இது சுத்தமா இருக்குங்க.”

“இருக்கும்மா. உங்க வரைபடத்துக்கு இடுப்பு உடையலையே” என்றார் உன் அத்தான்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. அப்புறம் தங்கள் பாதையை வரைய வந்தவர்களின் வரிசை பார், பெட்ரோல் கடைவரை. ஆர்லோ தன் பழைய கோட்டை அழிக்க ரப்பர் கேட்டான். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த மனுஷனை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை, போ.

நான் சும்மா இருப்பேனா? பாதையைத் திறந்துவைக்கச் சொல்லி அழகாக ஒரு கடிதம் தட்டச்சு செய்து, பிரதி எடுத்து, நான் ஓட்டுகிற பள்ளி பஸ்ஸில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் இருநூற்றுப் பதினான்கு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். இருநூற்றுப் பதினான்கு! ஊரில் நாய்களைத் தவிர எல்லோரும்.

நீயும் உன் பங்குக்கு ஒன்று அனுப்பு. ஏப்ரல் முப்பது கெடு. மீனை மட்டும் தின்று காலம் தள்ளாதே.

உன் அக்கா
லாரூ

*

ஆல்டர் ஃபோர்க்
6 ஏப்ரல் 2007

அன்புள்ள வெர்லன்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. படகு வேலை போலிருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இங்கே எனக்கு ரத்தம் கொதித்து இப்போதுதான் அடங்கியிருக்கிறது.

என் இருநூற்றுப் பதினான்கு கடிதமும் ஒரே கடிதமாம்! உரியார்டே நேரே வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துக்கொண்டே சொல்கிறாள்.

“இது ஓட்டு இல்லீங்க. தலைய எண்ண மாட்டோம், விஷயத்தைத்தான் எண்ணுவோம். ஒரே விஷயத்தை இருநூறு பேர் சொன்னாலும் ஒரு விஷயம்தான்.”

“அப்ப நாங்க என்னதான் பண்ணணும்?”

“அவங்கவங்க சொந்தமா எழுதட்டும். எந்த இடம், எந்த மாசம், அங்க என்ன பார்த்தாங்க. நல்லதோ கெட்டதோ, உண்மையா.”

அவள் போனதும் காப்பிக் குவளையைக் கொஞ்சம் பலமாகத்தான் கழுவினேன். ஆனால் மறுநாள் காலையில் பஸ்ஸை எடுத்தபோது எனக்கே ரோஷம் வந்துவிட்டது. எங்களுக்கு எழுதத் தெரியாதா என்ன? இப்போது தினமும் மாலையில் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். ஆர்லோ ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான், ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. தேவாலயத்து ஆர்கன் வாசிக்கிற அம்மாள், எல்க் மான் குட்டி போடும் மே மாதத்தில் கீழ்ப்பாதையை மூடச் சொல்லியிருக்கிறாள். எனக்கு வாய்வரை வந்தது. ‘உண்மையா’ என்று நான்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்? வாங்கிப் பையில் போட்டேன்.

அத்தானும் எழுதினார். மூன்று ராத்திரி சமையலறை மேசையில். முடித்ததும் உறையை நக்கி ஒட்டிவிட்டார். “குடு, பிழை பார்க்கறேன்” என்றேன். “பிழை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், என் பிழைதானே” என்றார். திமிரைப் பார்.

உன் கடிதத்தை மறக்காதே. வெட்டின இரண்டு பேரில் நீயும் ஒருவன்.

அன்புடன் அக்கா
லாரூ

*

பீட்டர்ஸ்பர்க்
24 ஏப்ரல் 2007

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் நலம் அறிந்தேன். ஹெர்ரிங் மீன் வந்துவிட்டது, தூக்கம் இல்லை.

நான் எழுதி அனுப்பிவிட்டேன். கெடுவுக்குள் போய்ச் சேரும்.

நீ செய்கிற வேலை பெரிய வேலை. அத்தானின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

வெர்லன்

*

ஆல்டர் ஃபோர்க்
20 மே 2007

அன்புள்ள வெர்லன்,

எல்லோரும் சுகம். பனி உருகி, அத்தான் மேலே போகத் தொடங்கிவிட்டார். நேற்று ஏழு மரம் அறுத்தாராம். உடம்பெல்லாம் மரத்தூள், முகமெல்லாம் சிரிப்பு.

நூற்று அறுபத்துமூன்று கடிதம், வெர்லன்! எல்லாம் அவரவர் கையெழுத்து, அவரவர் பேச்சு. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில்கூடப் பெயரை மட்டும் எழுதுகிற ஊர் இது. பெட்டியை உரியார்டே மேசையில் வைத்தபோது அவள் எழுந்து நின்றாள். நான் ஒன்றும் அழவில்லை, ஜலதோஷம்.

அது இருக்கட்டும். நீ என்ன எழுதினாய் என்று சொல்லவே இல்லையே? அவ்வளவு ரகசியமா? இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பாதையைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் உறையை ஒட்டிவைத்துக்கொண்டு என் உயிரை எடுக்கிறீர்கள். நிஜமாகக் கேட்கிறேன், உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறதா? உன் கடிதங்கள் நோயாளி கடிதம்போல இருக்கின்றன.

பதில் போடு.

லாரூ அக்கா

*

படகிலிருந்து
9 ஆகஸ்ட் 2007

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை, கவலைப்படாதே. எரிபொருள் படகில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

இன்று பெரிய சால்மன் ஒன்று மாட்டியது. என் இடுப்பு உயரம். எந்த ஆற்றில் பிறந்ததோ தெரியாது. நம் பக்கத்து மீனும் இத்தனை தூரம் வரும் என்கிறார்கள். மேய்ந்து முடித்துத் திரும்பிப் போய், பிறந்த கூழாங்கல்லிலேயே முட்டையிட்டுச் சாகும். நம் ஓடைக்கு வருகிறவை இந்த மாதம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

வெர்லன்

*

ஆல்டர் ஃபோர்க்
30 நவம்பர் 2007

வெர்லன்,

வனத்துறை எல்லோருடைய கடிதங்களையும் அச்சடித்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. செங்கல் கனம். பஸ்ஸில் உட்கார்ந்து, பிள்ளைகள் வருமுன் பிரித்தேன். நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகப் படித்து நெஞ்சு நிமிர்ந்துகொண்டே வந்தேன். நூற்றுநாற்பதாம் பக்கத்தில் நீ.

‘1979இல் இந்தப் பாதையை வெட்டிய இருவரில் நான் ஒருவன். அது பாண்டர் ஓடையில் இறங்கிக் கடக்கும் இடம் சால்மன் முட்டையிடும் திட்டு. அன்றைக்கே எங்களுக்குத் தெரியும். நடந்துபோய் நல்ல இடம் பார்க்கச் சோம்பல்பட்டோம். ஒரு வண்டி ஏறினால் சேறு கிளம்பி முட்டைகளை மூடிவிடும். கடக்கும் இடத்தை மாற்றாதவரை இந்தப் பாதையைத் திறக்கக் கூடாது.’

திறக்கக் கூடாது. என் தம்பியின் கையெழுத்துப் போட்டு.

அந்த மனுஷன் நடக்கிற நடையை நீ பார்த்ததில்லை. அங்கே கடலில் உட்கார்ந்துகொண்டு, மீனுக்காக அவருடைய காலை வெட்டிவிட்டாய். ஏழு மாதமாக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு ‘வெந்நீர் ஒத்தடம் கொடு’ என்று எனக்கு எழுதுகிறாய்.

அதற்கு மேல் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. புத்தகத்தை பஸ் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

லாரூ

*

பீட்டர்ஸ்பர்க்
15 டிசம்பர் 2007

அன்புள்ள அக்கா,

நீ என் நலத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நலமாக இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். சொல்லாமல் இருந்தேனே, அதற்குத்தான் கேட்கிறேன். உன் முகத்தை நினைத்ததும் பேனா ஓடவில்லை. அத்தானுடைய முகத்தை நினைக்கவே தைரியமில்லை.

ஒன்றைமட்டும் சொல்கிறேன். மார்ச் மாதம் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். பாதை இன்னமும் அங்கேதான் கடக்கிறதா என்று. நீ எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாய், அதற்கு மட்டும் எழுதவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். காலுறை இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது, தினமும் போடுகிறேன்.

உன் தம்பி
வெர்லன்

*

ஆல்டர் ஃபோர்க்
4 மே 2008

அன்புள்ள தம்பி வெர்லன்,

எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? ஐந்து மாதமாக நான் எழுதவில்லை. கோபத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. இங்கே நாங்கள் சுகம்.

பிப்ரவரியில் பஸ்ஸைக் கழுவ வந்த அத்தான் சீட்டுக்கு அடியில் புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் பள்ளியிலிருந்து வெளியே வந்தபோது ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்து, “உன் தம்பி எழுதினதைப் படிச்சியா?” என்றார்.

“படிச்சேன்.”

“நான் எழுதினதை?”

படிக்கவில்லை. உன்னோடு நிறுத்திவிட்டேனே. உனக்கு அடுத்து எட்டாவது பக்கம் அவர். அப்படியே எழுதுகிறேன்:

‘எனக்கு இடுப்பு கிடையாது. இந்த வண்டிதான் என் கால். பாதை எனக்கு வேண்டும். ஆனால் ஓடையைத் தாண்டுகிற இடம் தப்பு. வெட்டினது நான், தப்பும் என்னுடையது. ஆகஸ்ட் பாதியில் மீன் ஏறும். முன்பெல்லாம் வண்டியை இக்கரையில் நிறுத்திவிட்டு, திட்டுக்கு மேலே சுற்றி நடந்து கடப்பேன். நடக்க முடியாமல் போன இந்தப் பத்து வருஷமாக, மீன் ஏறினதிலிருந்து பனி விழுகிறவரை ஓடைவரைக்கும் போய், எஞ்சினை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் முகட்டை நான் பார்த்து பத்து வருஷம் ஆகிறது. வீட்டில் தெரியாது, முகட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். முன்னூறு அடி மேலே இரு பக்கமும் பாறை இருக்கிறது. மரம் கொடுத்தால் பாலம் நானே போடுகிறேன். உட்கார்ந்தே செய்கிற வேலைதான்.’

பத்து வருஷம், வெர்லன். நான் ரொட்டி கட்டிக் கொடுத்து, “முகடு எப்படி இருந்துச்சு?” என்று கேட்பேன். “நல்லா இருந்துச்சு” என்பார்.

அந்த இடத்தைப் பற்றி எனக்கும் தெரியும். என் தட்டச்சுக் கடிதத்திலும் வைக்கவில்லை, சொந்தமாக எழுதியதிலும் வைக்கவில்லை. ஊரில் நூற்று அறுபத்திரண்டு பேரிடம் உண்மையை எழுது, உண்மையை எழுது என்று படியேறிச் சொன்னவள், தன்னுடையதில் மட்டும் அதை விட்டுவிட்டாள். நீ கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. மன்னித்துவிடு.

அத்தான் உன்னுடையதை இரண்டு முறை படித்தார். “சோம்பல்னு எழுதியிருக்கான் பாரு. சரியாத்தான் எழுதியிருக்கான். அவன்தான் அன்னிக்கு ரொம்ப சோம்பல்” என்று சிரித்தார்.

நேற்று முடிவு வந்தது. பாதைக்கு ஒரு எண் கொடுத்து வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள்! பழைய இடத்தில் கடக்க இன்றிலிருந்து தடை. மேலே பாறை இருக்கிற இடத்தில் பாலம், மரம் வனத்துறை கொடுக்கும், வேலை ஊர்க்காரர்களுடையது. உரியார்டே எங்கள் வாசலில் நின்று, “வெட்டினவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒரே இடத்தைத் தப்புன்னு எழுதியிருந்தீங்க. அதைத் தாண்டி எனக்கு வேற ஆதாரம் தேவைப்படல” என்றாள்.

என் வீட்டு ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். இனி யார் என்னிடம் என்ன பெருமை பேசினாலும் நான் இதைச் சொல்லி வாயடைப்பேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பெரிய காலுறை பின்னுகிறேன்.

உன் அக்கா
லாரூ

*

ஆல்டர் ஃபோர்க்
1 அக்டோபர் 2008

அன்புள்ள வெர்லன்,

எல்லோரும் சுகம், உன் சுகத்தை நேரில் கேட்க வேண்டியிருக்கிறது.

பாலம் முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு அடி நீளம், இருபுறமும் கைப்பிடி. கோடை முழுக்க அத்தான் மரக்கட்டைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகச் செதுக்கினார். ஆர்லோ ஒரு ஆணியைக் கோணலாக அடித்துவிட்டு அவரிடம் வாங்கிய பேச்சு இருக்கிறதே, எழுத முடியாது.

சனிக்கிழமை திறப்பு. இருபத்தாறு வண்டி வரிசையில் நின்றது. உரியார்டே தானே நாடாவை வெட்டிவிட்டு, “டெல்வின், நீங்கதான் முதல்ல” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். உன் அத்தான் வண்டியைப் பாலத்தின் வாயில்வரை கொண்டுபோய், குறுக்கே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டார்.

“என்னங்க ஆச்சு?” என்றாள் உரியார்டே.

“ஒண்ணும் ஆகல. பாதை போட்டது ரெண்டு பேரு. இன்னொருத்தன் வரல.”

“அவரு அலாஸ்காவுல இல்ல இருக்காரு!”

“தெரியும். வரட்டும்.”

ஆர்லோ திட்டினான். உரியார்டே சிரித்தாள். நான் கெஞ்சினேன். பத்து வருஷமாக இலையுதிர் காலத்து முகட்டைப் பார்க்காதவர், முப்பத்திரண்டு அடி தாண்டினால் பார்த்துவிடலாம், திரும்பி வந்துவிட்டார். அவர் கடக்காமல் ஊரில் ஒருவரும் கடக்கவில்லை. நாலு நாளாகப் பாலத்தில் அணில்தான் போகிறது.

மாதக் கடைசியில் பனி விழுந்துவிடும். அதற்குமேல் நான் எழுத ஒன்றுமில்லை.

அக்கா

*

பீட்டர்ஸ்பர்க்
9 அக்டோபர் 2008

அன்புள்ள அக்கா, அத்தான்,

நலம். கடிதத்தைப் படகில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், இரண்டு முறை. படகைக் கரையேற்றிவிட்டேன். பதினெட்டாம் தேதி மதியம் வருகிறேன்.

அத்தானிடம் சொல், எனக்கு வண்டி வேண்டாம். அவர் முன்னால் போகட்டும். நான் பின்னால் நடந்து வருகிறேன். பாலத்தின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் கீழே தண்ணீரைப் பார்க்க வேண்டும். அதுவரை எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் என்னோடு இருக்கட்டும்.

உங்கள்
வெர்லன்